ஏலமலையும் இந்தியத் தடகள அணியும்

போடியில் இருந்து மூணாறு பஸ்ஸில் ஏறினால், 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும் போடிமெட்டு செக்போஸ்ட் வரும். அதற்கு அந்தப் பக்கம் கேரளாவின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, ராஜகுமாரி, ராஜாக்காடு என்று ஏலத்தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஊர்கள். ஏலக்காய்க்குப் பெயர் போன இந்த மாவட்டம் இந்தியத் தடகள அணிக்கு யாரையெல்லாம் கொடுத்திருக்கிறது தெரியுமா?

1985-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டி என்றால் எல்லோருக்கும் பி.டி.உஷாவின் 5 தங்கம்தான் நினைவுக்கு வரும். அதே அணியில் 800 மீட்டர் தங்கத்தை வென்றவர் தொடுபுழாவின் ஷைனி ஆபிரகாம். மறுவருடம் சியோல் ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில், தன் ஓடுபாதையை விட்டு முன்கூட்டியே உள்ளே வந்துவிட்டதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஆனால் சோர்ந்துவிடவில்லை! அதே சியோலில் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியில் அவரும் இருந்தார்.

அடுத்தது கொம்பொடிஞ்ஞால் என்ற மலைக் கிராமம். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் கே.எம்.பீனாமோள் தங்கம், ஆண்கள் பிரிவில் தம்பி பினு வெள்ளி. தொடர் ஓட்டத்திலும் பீனாமோளுக்குத் தங்கம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பினு 400 மீட்டரை 45.48 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை 2016-ல்தான் உடைந்தது.

2010 குவாங்சோவில் 10,000 மீட்டர். ராஜாக்காடு பக்கத்து முல்லக்கானத்தைச் சேர்ந்த ப்ரீஜா ஸ்ரீதரன் 31 நிமிடம் 50.47 விநாடியில் தங்கம் வென்றார். 25 சுற்று ஓடியும் இரண்டாவதாக வந்த கவிதா ராவத்துக்கும் அவருக்கும் ஒரு விநாடி கூட வித்தியாசம் இல்லை!

இதற்கெல்லாம் மலைக்காற்றுதான் காரணம் என்பார்கள். அது முழு உண்மை அல்ல. கென்ய வீரர்கள் பயிற்சி பெறும் இட்டென் ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏலமலை ஊர்கள் பெரும்பாலும் அதில் பாதி உயரம்தான், தொடுபுழாவோ மலையடிவாரம். உண்மையான காரணம் கேரளா 1970-களிலேயே தொடங்கிய விளையாட்டு விடுதிகள். உஷா கண்ணூர் விடுதியில் உருவானார். ஷைனி கோட்டயம் விடுதி, திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா பள்ளி, பாலா அல்போன்சா கல்லூரி என்று படிப்படியாக வளர்ந்தார்.

ஏலக்காயும் காற்றும் செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஓடுகிற குழந்தையைக் கண்டுபிடிக்க ஒரு ஆசிரியரும், தங்கவைத்துச் சோறு போட ஒரு விடுதியும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.