5 நாள் கெடு

உங்களுக்கு ஜெயில் தண்டனை விதித்தாயிற்று. அப்பீல் செய்ய மொத்தம் 5 நாள்தான் கெடு. என்ன செய்வீர்கள்? முதலில் ஒரு நல்ல வக்கீலைத் தேடுவீர்கள். வக்கீலே இல்லாமல்தான் உங்கள் கேஸே நடந்து முடிந்தது என்றால்?

ஜான்சனுக்கு அதுதான் நடந்தது. அமெரிக்க மரைன் படையில் சிப்பாய். லீவில் இருந்த அவரும் இன்னொரு சிப்பாயும் 1934 நவம்பர் 21 அன்று தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரில் பிடிபட்டார்கள். கள்ள நோட்டு கேஸ். 20 டாலர் நோட்டு நாலை மாற்றினார்கள், 21 நோட்டு வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜாமீன் கட்டப் பணமில்லை. அந்த ஊரில் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. பெரிய படிப்பும் இல்லை. ஆரம்ப விசாரணையில் ஆஜரான வக்கீல் அத்தோடு சரி. ரெண்டு மாசம் உள்ளே கிடந்தார்கள்.

1935 ஜனவரி 23. கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். குற்றப்பத்திரிகை என்று ஒன்று இருப்பதே அங்கே போனபிறகுதான் தெரியும். வக்கீல்? இல்லை. விசாரணைக்குத் தயாரா? தயார் என்றார்கள். (வேறென்ன சொல்லத் தெரியும், பாவம்!) அன்றைக்கே விசாரணை, அன்றைக்கே தீர்ப்பு, அன்றைக்கே நாலரை வருஷம். நியூயார்க் ரௌடிகள் என்கிற ரீதியில் அரசுத் தரப்பு வக்கீல் விளாச, கூட்டாளி எழுந்து, தான் ரௌடி இல்லை, சொந்த ஊர் மிஸிஸிப்பி, நியூயார்க்கில் கொஞ்ச நாள் வேலை பார்த்ததோடு சரி என்று ஜூரியிடம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

ரெண்டே நாளில் அட்லாண்டா சிறை. போனதும் தனிமை அடைப்பு, 16 நாள். கெடு 5 நாள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மே மாசம் ஒருவழியாக அப்பீல் மனு போட்டால், லேட் என்று தள்ளிவிட்டார்கள்.

அடுத்து ஹேபியஸ் கார்ப்பஸ். அட்லாண்டா நீதிபதி கல்நெஞ்சர் இல்லை. கூப்பிட்டு ரெண்டு தடவை விசாரித்தார். ஆனால் என்ன சொன்னார் தெரியுமா? வக்கீல் இல்லாதது தப்புதான், அதை அப்பீலில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? தனிமையில் இருந்தபோதும் சிறை அதிகாரிகளை தினம் பார்த்தீர்களே, அவர்களிடம் மனு கொடுத்திருக்கலாமே?

எப்படி இருக்கிறது கதை!

கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1938 மே 23 அன்று தீர்ப்பு எழுதியவர் ஹ்யூகோ பிளாக். ஒரு காலத்தில் கூ க்ளக்ஸ் க்ளானில் இருந்தவர் என்று, பதவியேற்ற 1937-ம் வருஷமே அம்பலமாகி நாறிப்போன அதே பிளாக். ஏழைக் கைதிக்கு அவர் பேனாதான் கைகொடுத்தது. வக்கீல் வேண்டாமென்று ஒருவன் விவரம் தெரிந்தே விட்டுக்கொடுத்தால் தவிர, வக்கீல் இல்லாமல் அவனைத் தண்டிக்க ஃபெடரல் கோர்ட்டுக்கு அதிகாரமே கிடையாது. அப்பீல் கெடு போனாலும் ஹேபியஸ் கார்ப்பஸில் இதைக் கேட்கலாம் என்றார். ஜான்சனை உடனே விட்டுவிடவில்லை. அவர் தெரிந்து விட்டுக்கொடுத்தாரா என்று பார்க்கச் சொல்லி கேஸ் மறுபடி அட்லாண்டாவுக்கே போனது. அதற்குள் தண்டனையில் மூணே கால் வருஷத்துக்குமேல் கழிந்திருந்தது.

அதன்பிறகு சிறைகளிலிருந்து மனுக்கள் குவிய ஆரம்பித்தன. பெரிய ஃபெடரல் சிறைகள் இருந்த ஊர்களின் கோர்ட்டுகள் திணறின. 1948-ல் சட்டத்தை மாற்றி, தண்டனை கொடுத்த கோர்ட்டிலேயே போய்க் கேள் என்றார்கள். 1996-ல் அதற்கும் ஒரு கெடு வைத்தார்கள். பொதுவாக ஒரு வருஷம்.