அகுஸ்தீனின் தன்வரலாறும் 'கொன்ஃபெஸ்ஸியோ' என்னும் சொல்லும்

1. முன்னுரை

மேலைத் தன்வரலாற்று இலக்கியத்தின் தொடக்கம் எனப் போற்றப்படும் நூல்களுள் தலையாயது, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக விளங்கிய அகுஸ்தீன் (கி.பி. 354 - 430) இலத்தீனில் இயற்றிய 'கொன்ஃபெஸ்ஸியோனேஸ்' ஆகும். கி.பி. 397க்கும் 401க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்த இந்நூல் பதின்மூன்று பகுதிகளை உடையது. முதல் ஒன்பது பகுதிகள் ஆசிரியரின் பிறப்பு முதல் தாயின் இறப்பு வரையிலான வாழ்வைக் கூறுகின்றன. பத்தாம் பகுதி நினைவாற்றலையும், பதினொன்றாம் பகுதி காலத்தின் இயல்பையும் ஆராய்கின்றன. இறுதி மூன்று பகுதிகளும் விவிலியத்தின் தொடக்க நூலில் வரும் படைப்பு வரலாற்றுக்கு உரையாக அமைகின்றன.

வாழ்க்கை வரலாறாகத் தொடங்கிய நூல் விவிலிய உரையாக முடிவது ஏன் என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. இறுதிப் பகுதிகளை ஒட்டுப்போட்டவை எனக் கருதி, ஒன்பதாம் அல்லது பத்தாம் பகுதியோடு நிறுத்திக்கொண்ட மொழிபெயர்ப்புப் பதிப்புகளும் உண்டு. இவ்வினாவுக்கான விடையின் ஒரு கூறு நூலின் தலைப்பிலேயே உள்ளது. 'கொன்ஃபெஸ்ஸியோ' என்னும் சொல் மொழிபெயர்ப்பின் வழியாகப் பெற்ற பொருள்களையும், அச்சொல் பின்னாளில் அடைந்த பொருட்குறுக்கத்தையும், அதனைத் தமிழில் தருவதில் எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொல்லின் வரலாறு

'கொன்ஃபித்தேரி' என்னும் இலத்தீன் வினை 'ஒத்துக்கொள்ளுதல்' என்னும் பொருளுடைய 'ஃபத்தேரி' என்பதிலிருந்து முன்னொட்டுப் பெற்றுப் பிறந்தது. கிறித்தவத்திற்கு முற்பட்ட இலத்தீனில் இது பெரிதும் வழக்குமன்றச் சொல்லாக, குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதைக் குறித்தது. கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில் இதற்கு இரண்டாவது பொருள் ஒன்று கிளைத்தது. நடுவர் முன் தாம் கிறித்தவர் என அஞ்சாது அறிவித்து, உயிர் தப்பியவர்கள் 'கொன்ஃபெஸ்ஸோர்' எனப்பட்டனர். குற்றவாளி உரைக்கும் சொல்லே பற்றுறுதியாளர் உரைக்கும் சொல்லாகவும் ஆயிற்று. இரண்டிலும் இடம் ஒன்றே, அதாவது வழக்குமன்றம். ஆனால் மதிப்பு தலைகீழாக மாறியது.

மூன்றாவது பொருள் முற்றிலும் மொழிபெயர்ப்பால் வந்தது. எபிரேய மொழியில் ஒரே வேரிலிருந்து 'ஹோதா' (நன்றி கூறுதல், போற்றுதல்), 'ஹித்வத்தா' (குற்றத்தை ஏற்றுரைத்தல்) என்னும் இரு வினைகள் பிறக்கின்றன. கிறித்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் யூதர்கள் விவிலியத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, திருப்பாடல்களில் வரும் 'ஹோதா'வுக்கு 'எக்ஸொமொலொகெய்ஸ்தை' என்னும் சொல்லைப் பெரிதும் ஆண்டனர். 'வெளிப்படையாக ஒத்துக்கொள்ளுதல்' என்பதே கிரேக்கத்தில் அச்சொல்லின் இயல்பான பொருள். போற்றுதல் என்னும் பொருள் அதற்கு விவிலியப் பெயர்ப்பால் ஏறியது. அக்கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குப் பெயர்த்தவர்கள் 'கொன்ஃபித்தேரி' என்றனர். அப்பொருள் இலத்தீனிலும் குடிபுகுந்தது.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் கார்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன், பாவத்தை வெளிப்படையாக ஏற்றுக் கழுவாய் தேடும் வழக்கத்தைக் குறிக்கக் கிரேக்கச் சொல்லையே இலத்தீனில் கடன்சொல்லாக ஆண்டார். இவ்வாறு அகுஸ்தீனின் காலத்தில் 'கொன்ஃபெஸ்ஸியோ' பாவ ஏற்பு, பற்றுறுதி அறிவிப்பு, இறைப்புகழ்ச்சி என்னும் மூன்று பொருள்களையும் தாங்கி நின்றது.

எனினும் மக்கள் வழக்கில் முதற்பொருளே மேலோங்கியது. வழிபாட்டில் இச்சொல் வாசிக்கப்பட்டவுடனேயே கேட்போர் மார்பில் அறைந்துகொண்டதை அகுஸ்தீன் தம் மறையுரை ஒன்றில் சுட்டுகிறார். நற்செய்தியில் இயேசு தந்தையை நோக்கி இதே சொல்லைக் கூறுவதை எடுத்துக்காட்டி, பாவமற்றவர் கூறும்போது அது புகழ்ச்சியையே குறிக்கும் என விளக்குகிறார். சொற்பொருளியலில் சூழல்சார் பொருள்வேறுபாடு எனப்படுவதை அவர் மேடையிலேயே கற்பித்தார் எனலாம்.

3. பெயர்ப்பு நூல்களின் வழியே மனமாற்றம்

அகுஸ்தீன் தகஸ்தே என்னும் சிற்றூரில் (இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ்) பிறந்தார். செவிலியர் மொழியாகவும் விளையாட்டு மொழியாகவும் இலத்தீனைக் கற்ற அவர், அடிக்கு அஞ்சிப் பயின்ற கிரேக்கத்தை வெறுத்ததாக முதற்பகுதியில் கூறுகிறார். குழந்தை மொழியைப் பெறும் முறைபற்றி அங்கு அவர் தரும் விளக்கத்தை எடுத்து ஆராய்வதாகவே விட்கென்ஸ்டைனின் 'மெய்யியல் ஆய்வுகள்' (1953) தொடங்குகிறது. மொழியியலார் பலர் அகுஸ்தீனை முதலில் சந்திப்பது அங்கேதான்.

கிரேக்கத்தின்மீது கொண்ட இவ்வெறுப்பின் விளைவு பெரிது. அவர் வாழ்வை மாற்றிய நூல்களுட் பல மொழிபெயர்ப்புகளாகவே அவரை வந்தடைந்தன. பத்தொன்பதாவது வயது நடந்தபோது சிசரோவின் 'ஹொர்த்தென்சியுஸ்' (இன்று முழுமையாகக் கிடைக்காத நூல்) அவருக்கு மெய்யறிவின்பால் வேட்கையூட்டியது. அவ்வேட்கையோடு விவிலியத்தைத் திறந்தவருக்கு ஏமாற்றமே எஞ்சியது. அப்போது வழங்கிய பழைய இலத்தீன் விவிலியம், எபிரேய, கிரேக்கத் தொடரமைப்புகளை அவ்வாறே பின்பற்றிய கரடுமுரடான நடையினது. சொற்கலை பயின்ற இளைஞருக்கு அது சிசரோவின் மாண்புக்கு ஈடாகத் தோன்றவில்லை. அவர் மானி சமயத்தாரை நாடிச் சென்று ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர்களோடு இருந்ததற்கு, இந்நடை பற்றிய ஏளனமும் ஒரு காரணமாயிற்று.

கி.பி. 384இல் மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராக அமர்ந்தபோது, ஆயர் அம்புரோசியாரின் உரைகள் அவரை ஈர்த்தன. முதலில் அவர் நடையழகுக்காகவே செவிசாய்த்தார். எளிய சொல்லுக்குள் உட்பொருள் காணும் முறையை அங்குக் கற்ற பின்னரே விவிலியத்தின் கரட்டு மொழி அவருக்குத் திறந்தது. அடுத்து வந்தவை பிளேட்டோ மரபினரின் நூல்கள். அவற்றைக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்தவர் மாரியுஸ் விக்தொரினுஸ். உரோம் நகரில் சிலை எடுக்கப்பெற்ற பேரறிஞரான இம்மொழிபெயர்ப்பாளர் முதுமையில் கிறித்தவரானவர். பற்றுறுதியைத் தனிமையில் அறிவிக்கும் சலுகை அளிக்கப்பட்டும் அதனை மறுத்து, மக்கள் முன் உரத்துக் கூறினார். எட்டாம் பகுதியில் சிம்பிளிசியானுஸ் இவ்வரலாற்றை அகுஸ்தீனுக்குச் சொல்கிறார். சொல்லின் இரண்டாம் பொருள் இங்கு ஒரு மொழிபெயர்ப்பாளரின் வாழ்வில் உருப்பெறுகிறது.

அதே பகுதியில், அந்தோனியாரின் வரலாற்றைப் படித்து அரசுப் பணியைத் துறந்த இருவரைப் பற்றிய செய்தியும் வருகிறது. அத்தனாசியார் கிரேக்கத்தில் எழுதிய அவ்வரலாறும் அந்நாளில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டிருந்தது. இதன் பின்னரே கி.பி. 386 ஆகஸ்டில் மிலான் தோட்ட நிகழ்ச்சி நடைபெறுகிறது. அடுத்த வீட்டிலிருந்து, எடுத்துப் படிக்குமாறு ஒரு குழந்தையின் குரல் பாடுவது கேட்கிறது. அவர் பவுலின் திருமுகங்களைத் திறந்து, உரோமையருக்கு எழுதிய மடலின் பதின்மூன்றாம் இயலில் கண்பட்ட இடத்தை வாய்விடாது படிக்கிறார். அவர் அந்நேரத்தில் படித்ததும் மொழிபெயர்ப்பே. ஒருகாலத்தில் அவர் இகழ்ந்த அதே இலத்தீன் விவிலியமே அவரை மாற்றியது. கி.பி. 387 உயிர்ப்பு விழாவில் அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார்.

4. நூலின் அமைப்பும் தலைப்பும்

நூலின் மொழிநடை இம்மாற்றத்திற்குச் சான்றாக உள்ளது. சிசரோ மரபில் பயின்ற தொடர்களுக்கிடையே பழைய இலத்தீன் திருப்பாடல்களின் சொற்றொடர்கள் மேற்கோட்குறி ஏதுமின்றி இழையோடுகின்றன. பல இடங்களில் அகுஸ்தீனின் சொல் எது, திருப்பாடலின் சொல் எது எனப் பிரித்தறிவது அரிது. இகழ்ந்த மொழியே சொந்தமொழி ஆனமையை நடையே அறிவிக்கிறது.

நூல் முழுவதும் முன்னிலையில் இறைவனை விளித்தே எழுதப்பட்டுள்ளது. படிப்போர் அவ்வுரையை அருகிருந்து கேட்பவர்கள். பதினாறாம் வயதில் தோழர்களோடு பேரிக்காய் திருடிப் பன்றிகளுக்கு எறிந்த சிறு நிகழ்ச்சிக்கு இரண்டாம் பகுதியில் நெடிய ஆராய்ச்சி தரப்படுகிறது. பசிக்காகவன்றித் தீமையின் இன்பத்திற்காகவே செய்ததாக அவர் அதனை நோக்குகிறார். ஆனால் அவ்வாராய்ச்சியும் மன்னித்தவரைப் போற்றுவதில் முடிகிறது. குற்றத்தை ஏற்பதும் புகழ்வதும் ஒரே கூற்றின் இரு முகங்கள்.

இந்நோக்கில் காணும்போது இறுதிப் பகுதிகள் அயலானவை அல்ல. கடந்தகாலத்தைக் கூறிய நாவு பத்தாம் பகுதியில் நிகழ்காலத் தன்னை ஏற்றுரைக்கிறது. பின்னர்ப் படைப்பைப் போற்றுகிறது. முதுமையில் (கி.பி. 427ஐ ஒட்டி) தம் நூல்களை மறுபார்வையிட்டபோது, இப்பதின்மூன்று பகுதிகளும் தம் தீமை, நன்மை இரண்டின் வழியாகவும் இறைவனைப் புகழ்வதாக அவரே குறித்துள்ளார். அக்கூற்றில் பதின்மூன்றும் சேர்த்தே எண்ணப்படுகின்றன.

5. பொருட்குறுக்கம்

அகுஸ்தீனின் காலத்தில் பெரும் பாவங்களுக்கான கழுவாய் திருச்சபையின் முன் வெளிப்படையாக நிகழ்ந்தது. குருவின் செவியில் தனியே உரைக்கும் முறை பின்னரே பரவியது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைச் செய்யவேண்டும் என விதித்தது. அதன்பின் ஐரோப்பிய மொழிகளில் இச்சொல்லைக் கேட்டவர் மனத்தில் முதலில் எழுந்தது மறைவில் உரைக்கும் பாவமே. 1782 முதல் வெளிவந்த ரூசோவின் தன்வரலாறு இதே தலைப்பைத் தாங்கியது. தன்னை மனிதர் முன் முழுமையாகத் திறந்து காட்டுவதே அங்கு நோக்கம். 'மறைத்தவற்றை வெளியிடும் வாழ்க்கைக் கதை' என்னும் இன்றைய பொருள் அவ்வழியே உறுதிப்பட்டது. இப்பிற்காலப் பொருள்களைக் கொண்டு அகுஸ்தீனைப் படிப்போர்க்கு ஒன்பதாம் பகுதிக்குப் பின் நூல் திசைமாறியதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

6. தமிழில் எழும் சிக்கல்கள்

இச்சொல் தமிழுக்கு வந்த வரலாறு இலத்தீன் வரலாற்றை ஒரு வகையில் திரும்ப நிகழ்த்துகிறது. ஹென்றீக்கெ ஹென்றீக்கஸ் பாதிரியார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட தமிழ்ப் பாவ ஏற்புக் கையேடு போர்த்துகீசியச் சொல்லையே தமிழ் எழுத்தில் தலைப்பாகக் கொண்டது. தெர்த்துல்லியன் கிரேக்கத்தைக் கடன் கொண்டது போன்றதே இது. பின்னர்க் கத்தோலிக்கர் வழக்கில் நிலைபெற்ற 'பாவசங்கீர்த்தனம்' கூர்ந்து நோக்கத்தக்கது. 'சங்கீர்த்தனம்' என்பது வடமொழியில் உரத்துக் கூறிப் புகழ்தலைக் குறிக்கும். அறிந்தோ அறியாமலோ, அகுஸ்தீனின் இரு பொருள்களும் இத்தொகையுள் அருகருகே நிற்கின்றன. ஆனால் வழக்கில் முன்னொட்டாகிய 'பாவம்' பின்மொழியின் புகழ்ப்பொருளை விழுங்கிவிட்டது. இன்று வழங்கும் 'ஒப்புரவு' உறவைப் புதுப்பித்தலை முன்னிறுத்துகிறது. குறள் மரபில் பிறர்க்கு உதவும் நெறியைக் குறித்த இச்சொல் இங்குப் புதுப்பொருள் பெற்றுள்ளது. 'ஒப்புதல் வாக்குமூலம்' என்பதோ இச்சொல்லைப் பழைய இலத்தீனின் வழக்குமன்றத்திற்கே மீளக் கொண்டுசெல்கிறது.

சீர்திருத்தச் சபையினரின் தமிழ் விவிலியத்தில் 'அறிக்கையிடு' என்னும் வினை பாவத்தை ஏற்பதற்கும் (1 யோவான் 1:9) பற்றுறுதியை அறிவிப்பதற்கும் (உரோமர் 10:9) ஆளப்படுகிறது. முதலிரு பொருள்களும் ஒரு சொல்லில் அடங்குவது மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரும் பேறு. ஆயின் திருப்பாடல்களில் அதே எபிரேயச் சொல்லுக்கு 'துதித்தல்' வருவதால் மூன்றாம் பொருள் பிரிந்துவிடுகிறது. மேலும் 'அறிக்கை' இன்று அலுவலக ஆவணத்தையும் குறிக்கிறது.

தமிழின் மற்றொரு சிக்கல் முன்னிலைப் பெயர். இலத்தீனின் 'தூ' இறைவனுக்கும் அடிமைக்கும் ஒன்றே. தமிழில் நீ, நீர், தேவரீர் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கிறித்தவ வேண்டுதல் மரபு 'நீர்' என்னும். சைவ, வைணவப் பாடல்கள் 'நீ' என உரிமையோடு விளிக்கும். அகுஸ்தீனின் நெருக்கத்தை முன்னதால் மட்டும் தருவது அரிது. தன்னை இழித்தும் இறைவனை உயர்த்தியும் ஒரே மூச்சில் பேசும் நீத்தல் விண்ணப்பம் போன்ற பகுதிகளைக் கொண்ட திருவாசக மரபு, இத்தகைய கூற்றுக்குத் தமிழ்ச் செவியை ஏற்கெனவே பழக்கியுள்ளது. சமய வேறுபாட்டைக் கடந்து மொழிபெயர்ப்பாளர் பயன்கொள்ளத்தக்க நடை வளம் இது.

செவியின் பழக்கம் எத்தகைய ஆற்றலுடையது என்பதை அகுஸ்தீனே அறிந்திருந்தார். எரோணிமுசின் புதிய பெயர்ப்பு ஓயா நகரில் (இன்றைய திரிப்போலி) வாசிக்கப்பட்டபோது, யோனாவுக்கு நிழல் தந்த செடியின் பெயர் மாறியதற்காக மக்கள் கொதித்தெழுந்ததை கி.பி. 403இல் அவருக்கு எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். பழைய பெயர்ப்பின் சுரைக்கொடி புதியதில் படர்கொடியான ஐவி ஆகியிருந்தது. எபிரேயச் சொல் குறிப்பது ஆமணக்கு என்பர். தமிழ் விவிலியமும் அவ்வாறே கொண்டது. ஒரு செடியின் பெயரே இத்தனை பூசலை எழுப்புமாயின், வழிபாட்டில் வேரூன்றிய ஒரு சொல்லை மாற்றுவோர் எத்துணை எச்சரிக்கையோடு இருக்கவேண்டும் என்பது வெளிப்படை.

7. முடிவுரை

மூன்று பொருள்களையும் ஒருங்கே தரும் தனிச்சொல் தமிழில் இல்லை. எனவே தலைப்பிலேயே சிக்கலைத் தீர்க்க முயல்வதினும், 'அறிக்கை' என்பதைத் தலைப்பாக ஏற்று நூலுக்குள் பொருளை மீட்பதே தக்கது. பாவமும் புகழும் இணையும் இடங்களில் 'அறிக்கையிட்டுப் போற்றுகிறேன்' என்றாற்போன்ற இணைவினைகளை ஆளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பதின்மூன்று பகுதிகளையும் பெயர்த்தல் இன்றியமையாதது. இறுதிப் பகுதிகளை விடுத்த பெயர்ப்பு பாவியின் கதையைத் தரும். அகுஸ்தீன் எழுத எண்ணியதோ, எபிரேயத்திலிருந்து கிரேக்கம் வழியே இலத்தீனுக்கு வந்த ஒரு சொல்லின் முழுப்பொருளையும் தம் வாழ்வைக் கொண்டு விரித்துரைக்கும் நூல். அச்சொல்லின் மூன்றாம் பயணம் தமிழில் நிகழும்போது அதன் புகழ்ப்பொருள் வழியில் தொலையாமல் காப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.