கட்டானா வாங்கலாமா டாக்டர்? (நீண்ட இழை)

"டாக்டர், ஒரு கட்டானா வாங்கி வீட்ல வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அழகுக்கும் ஆச்சு, தற்காப்புக்கும் ஆச்சு. உங்க கருத்து?"

இன்பாக்ஸில் வந்த கேள்வி. அனிமே உபயம்னு நினைக்கிறேன். ஒரே வரியில் "வேண்டாம் தம்பி"ன்னு முடிச்சிருக்கலாம். ஆனா இந்த வாளுக்குப் பின்னாடி இருக்கிற கதை அவ்வளவு சுலபமா விடக்கூடியது இல்லை. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதலில் ஒரு தெளிவு. கட்டானா என்ற பெயரில் சந்தையில் மூன்று வகைப் பொருள் சுற்றுது.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. கைப்பிடிக்குள் போகும் பகுதி பல நேரம் ஒல்லியான ஒரு கம்பிதான், அதையும் வெல்டு வைத்து ஒட்டியிருப்பாங்க. ஓங்கி வீசினால் கைப்பிடி உங்க கையில் இருக்கும், தகடு பக்கத்தில் நிற்பவர் மேல் இருக்கும்.

அடுத்தது சீனாவின் லாங்சுவான் போன்ற ஊர்களில் செய்யப்படும் நகல்கள். நிஜமாகவே வெட்டும்.

மூன்றாவதுதான் நிஹொன்தோ. ஜப்பானியக் கொல்லர் மரபு முறையில் அடித்த வாள். சில நூறு வருஷம் பழசாகவும் இருக்கலாம், போன வருஷம் அடித்ததாகவும் இருக்கலாம். இந்த இழை அதைப் பற்றியது.

அந்தக் காலத்திலாவது இந்த வாள் நடைமுறைக்கு உதவியதா? உதவியது, ஆனா நாம சினிமாவில் பார்க்கிற அளவுக்கு இல்லை. 12, 13ஆம் நூற்றாண்டு சாமுராய் முதலில் குதிரை மேல் வந்த வில்லாளி. பிறகு ஈட்டி வந்தது. 1543இல் தனேகஷிமா தீவுக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. ஜப்பானியக் கொல்லர்கள் சில வருஷத்திலேயே அதைப் பார்த்துச் செய்யக் கற்றுக்கொண்டாங்க. 1575இல் நகாஷினோ போரில் ஓடா நொபுனாகாவின் துப்பாக்கிப் படை தக்கேடா குலத்தின் புகழ்பெற்ற படையை நிலைகுலைய வைத்தது. இந்தக் காலம் முழுக்க வாள் இடுப்பில்தான் இருந்தது, மற்ற ஆயுதம் கை நழுவிய பிறகு உருவும் துணை ஆயுதமாக.

1588இல் தொயொதொமி ஹிதெயோஷி விவசாயிகளிடமிருந்து வாள்களைப் பறிமுதல் செய்தார். அதற்குச் சொன்ன காரணம் சுவாரசியமானது. கியோட்டோவில் கட்டும் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணி தேவைப்படுதாம், கொடுத்தால் இம்மைக்கும் மறுமைக்கும் புண்ணியமாம்! அரசாங்கம் ஆயுதத்தைப் பிடுங்கும்போது இவ்வளவு அழகாகக் காரணம் சொன்னதை வேறெங்கும் நான் படிச்சதில்லை.

அதன் பிறகு தொக்குகாவா ஆட்சி. சுமார் இரண்டரை நூற்றாண்டு பெரிய போரே இல்லை. வாள் சாமுராயின் ஆன்மா என்ற பேச்செல்லாம் ஓங்கியது இந்த அமைதிக் காலத்தில்தான். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என இடுப்பில் இரண்டு வாள் இருந்தால் அவர் சாமுராய். எங்க ஆளுங்க கழுத்தில் ஸ்டெத் தொங்குற மாதிரி. கேண்டீனுக்கு டீ குடிக்கப் போகும்போதும் அது தொங்கும், கவனிச்சிருப்பீங்க.

சரி, போர் இல்லாத நாட்டில் புது வாள் நல்லா வெட்டுமான்னு எப்படிச் சோதிப்பது? இங்கேதான் என் துறை உள்ளே வருது. இளகிய மனசுக்காரங்க அடுத்த மூணு பத்தியைத் தாண்டிடுங்க.

மரண தண்டனை பெற்றவர்களின் உடல்கள் மேல்தான் சோதித்தார்கள். எதோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், யமாதா அசாஎமோன் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய ஒரு குடும்பத்துக்கு அதுதான் தொழில். எத்தனை உடல்களை ஒரே வீச்சில் வெட்டியது என்ற முடிவை வாளின் கைப்பிடிக்குள் மறையும் அடித்தண்டில் எழுத்தாகப் பொறிப்பாங்க, சில வாள்களில் தங்கத்திலேயே. "இரண்டு உடல்", "மூன்று உடல்" என்று. இன்றைக்கு ஏலத்தில் அந்த எழுத்து இருந்தால் விலை ஏறும். வாங்குபவர் அந்த வரியைத் தடவிப் பார்த்துப் பெருமைப்படும்போது, அது ஒரு மனுஷனோட உடம்பு என்பது நினைவுக்கு வருமா? எனக்கு வரும்.

அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வருமானமும் இருந்தது. அந்த உடல்களிலிருந்து ஈரலையும் பித்தப்பையையும் எடுத்து, உலர்த்தி, மாத்திரையாக்கி, காசநோய்க்கு மருந்தென்று விற்றார்கள். நல்ல வியாபாரம். சொல்லத் தேவையில்லை, காசநோய்க் கிருமியை அது ஒன்றும் செய்யாது. உடல்கள் மேல் வாள் சோதிப்பதையும் இந்த மருந்து வியாபாரத்தையும் 1870இல் மெய்ஜி அரசு தடை செய்தது.

இதே உடல்களிலிருந்துதான் வேறொன்றும் பிறந்தது. 1771இல் சுகிதா கென்பாக்கு, மாஎனோ ர்யோதாக்கு என்ற மருத்துவர்கள் கொஸுகப்பரா கொலைக்களத்துக்குப் போய், தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடல் அறுக்கப்படுவதைப் பார்த்தார்கள். கையில் ஒரு டச்சு உடற்கூறியல் புத்தகம். படத்தில் இருப்பதும் எதிரே இருப்பதும் அப்படியே பொருந்துது. தாங்கள் படிச்ச பழைய சீன மருத்துவ நூல்களோடு பொருந்தல. அந்த அதிர்ச்சியில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். 1774இல் "கைதாய் ஷின்ஷோ" வெளியானது. ஜப்பானில் நவீன மருத்துவம் அங்கிருந்து வேகம் எடுத்தது.

வாளுக்கு வருவோம்.

1876இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. ராணுவம், போலீஸ், அரசு விழா உடை தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. அதே வருஷம் சாமுராய்களின் பரம்பரை மானியமும் போச்சு. கொல்லர்கள் பிழைப்புக்கு அரிவாள், சமையல் கத்தி செய்யப் போனாங்க. 1906இல் கஸ்ஸான் சதகஸு, மியாமோதோ கனெனோரி என்ற இரண்டு கொல்லர்களைப் பேரரசர் மாளிகையின் கலைஞர்களாக நியமித்தது தொழிலின் உயிரைப் பிடிச்சு வச்சது.

1930களில் ராணுவம் மறுபடி வாளைக் கையில் எடுத்தது. அதிகாரிகளுக்காகத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். அந்த வாள்கள் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் என்ன செய்தன என்பது எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. நம்ம ஆளுங்களுக்கும் அதில் நேரடிப் பங்கு உண்டு. ஜப்பான் பிடித்திருந்த மலேயாவிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தார்கள். மேற்பார்வை பார்த்த அதிகாரியின் இடுப்பில் தொங்கியது இந்த வாள்தான். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உங்களுக்குச் சொந்தம் இருந்தா, வரவேற்பறையில் கட்டானா மாட்டுறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்க முகத்தை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

1945. ஜப்பான் சரணடைந்தது. எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்கப் படை உத்தரவு போட்டது. குடும்பம் குடும்பமாக வாள்களைக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். பெரும்பகுதி உருக்கப்பட்டது, கடலில் போடப்பட்டது, சிப்பாய்கள் நினைவுப் பொருளாக எடுத்துப் போனதும் ஏராளம்.

அதில் நெஞ்சைப் பிசைவது ஒன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த மசமுனேதான் ஜப்பானின் தலைசிறந்த கொல்லர் என்பார்கள். அவர் செய்ததாகப் போற்றப்பட்ட "ஹொன்ஜோ மசமுனே" தலைமுறைகளாகத் தொக்குகாவா குடும்பத்தில் இருந்தது. 1939இல் தேசியப் பொக்கிஷம் என்று அறிவிக்கப்பட்டது. 1945 டிசம்பரில் தொக்குகாவா இயெமாசா சட்டத்தை மதித்து, அதையும் மற்ற வாள்களையும் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அங்கிருந்து ஒரு அமெரிக்கச் சிப்பாயின் கைக்குப் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

மிச்ச வாள்கள் எப்படித் தப்பின? ஹொன்மா ஜுன்ஜி என்ற வாள் அறிஞர் அமெரிக்க ராணுவக் காவல் அதிகாரி கர்னல் காட்வெல்லிடம் போய் வாதாடினார். இது வெறும் ஆயுதம் இல்லை, கலைப்பொருள். ராணுவத் தொழிற்சாலை வாளையும் இதையும் ஒன்றாக்காதீங்க என்பது அவர் வாதம். காட்வெல் கேட்டார். கலை மதிப்புள்ள வாள்களுக்கு விலக்கு கிடைத்தது. 1948இல் அந்த அறிஞர்கள் சேர்ந்து ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இன்றைய ஜப்பானியச் சட்டம் முழுக்க அந்த வாதத்தின் மேல்தான் நிற்குது. பழைய வீட்டுப் பரணில் ஒரு வாள் கிடைச்சா முதலில் போலீசுக்குச் சொல்லணும். பிறகு பதிவு. பதிவு செய்வது யார் தெரியுமா? மாகாணக் கல்வி வாரியம்! மரபு முறையில் செய்ததா, கலை மதிப்பு இருக்கான்னு நிபுணர்கள் பார்ப்பாங்க. தொழிற்சாலையில் அடித்த ராணுவ வாள் என்றால் பதிவு கிடையாது, அழிக்கத்தான் வேண்டும். பதிவுச் சான்று வாளின் பெயரில் இருக்கும், உங்க பெயரில் இல்லை. வாள் கைமாறினால் சான்றும் கூடவே போகும். புதுசா வாங்கியவர் 20 நாளுக்குள் தெரிவிக்கணும், அவ்வளவுதான். உரிமையாளர் மாறிக்கிட்டே இருப்பார், வாள் இருக்கும் என்று சட்டமே எடுத்துக்கொண்ட மாதிரி.

புது வாள் செய்பவர் உரிமம் பெற்ற குருவிடம் ஐந்து வருஷம் பயிற்சி எடுக்கணும். எங்க எம்.பி.பி.எஸ். படிப்பு நினைவுக்கு வருது. அதன் பிறகும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக்கூடாது. எண்ணிக்கை கூடினால் மறுபடி ஆயுதமாகிவிடும், தரமும் போயிடும் என்ற எண்ணம்தான்.

உருக்கு வருவதும் லேசில் இல்லை. ஷிமானே மாகாணத்தில் அந்தச் சங்கம் 1977இல் மீட்டெடுத்த தத்தாரா உலை குளிர்காலத்தில் மட்டும் எரியும். மூன்று பகல், மூன்று இரவு விடாமல். சுமார் 10 டன் இரும்பு மணல், 12 டன் கரி போட்டால் இரண்டரை டன் கட்டி கிடைக்கும். அதில் நல்ல உருக்கு ஒரு பகுதிதான். அந்த உருக்கைக் கொல்லர் மடித்து மடித்து அடிப்பது கசடை வெளியேற்றவும் கரியைச் சீராகப் பரப்பவும். ஆயிரம் தடவை மடிப்பதெல்லாம் கதை. 13 தடவை மடித்தாலே 8,192 அடுக்கு வந்துடும், கணக்குப் போட்டுப் பாருங்க.

இப்போ வாங்கிட்டீங்கன்னு வைப்போம். என்ன செய்வீங்க?

விரலால் தொடக் கூடாது. வியர்வையில் இருக்கிற உப்பு போதும், ரேகை அப்படியே துருவாகப் பதிஞ்சிடும். அவ்வப்போது பழைய எண்ணெயைத் துடைத்துப் புது எண்ணெய் பூசணும். நம்ம கடற்கரை ஊர் ஈரக்காற்றில் இன்னும் அடிக்கடி. கைப்பிடிக்குள் இருக்கும் அடித்தண்டின் கருந்துருவை மட்டும் எக்காரணம் கொண்டும் தேய்க்கக் கூடாது. வாளின் வயதைச் சொல்லும் சாட்சி அதுதான். பளபளப்பாக்குறேன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரே மதியத்தில் வாளைக் காலி பண்ணினவங்க உண்டு.

சாணை பிடிப்பது தனிக் கலை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் தேய்ந்து போகும், திரும்ப வராது. நம்ம பல் எனாமல் மாதிரின்னு வச்சுக்கோங்க. பல வாள்களில் வெளியே கடின உருக்கு, உள்ளே மென்மையான உருக்கு. அதிகம் தேய்த்தால் உள்ளே இருப்பது வெளியே தெரிய ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட வாளைக் "களைத்துப் போனது" என்பார்கள். அதனால் 400 வருஷ வாளை எடுத்து வாழைமரம் வெட்டிப் பார்ப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

தற்காப்பா? குறுகலான படுக்கையறையில் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட நீளமான வாளை, பழகாத கையால், இருட்டில், பயத்தில் வீசப் போறீங்க. முதலில் அடிபடுவது பெரும்பாலும் உங்க இடது கைதான். உறையைப் பிடித்திருக்கும் கை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். அங்கே தசைநார் அறுந்தா தையல் போட்டு, கையைக் கட்டி, பயிற்சி கொடுத்து, முழுப் பலத்தோடு பயன்படுத்த மூணு மாசம் ஆகும். கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்க.

இறக்குமதி பண்ணலாம்னு நினைச்சா, வாளும் 1959ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டத்துக்குள் வரும் பொருள். உரிமம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் சுங்கத்தில் மாட்டுவீங்க. ஜப்பான் பக்கத்திலும் பண்பாட்டுத் துறை அனுமதி இல்லாமல் வெளியே வராது.

வாள் வீச்சு கத்துக்க ஆசைன்னா பயிற்சிக்கென்றே கூர் இல்லாத உலோகக் கலவை வாள் இருக்கு, ஒரு ஆசிரியரைத் தேடிப் போங்க. அழகைப் பார்க்கணும்னா டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் போதும், தனியா ஒரு கூடமே உண்டு.

அப்புறமும் சொந்தமா வேணும்னு அடம் பிடிப்பவர்களுக்காக எங்க தொழிற்காரர் ஒருவரைச் சொல்றேன். வால்டர் காம்ப்டன். ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர், அல்கா செல்ட்சர் மாத்திரை தயாரித்த மைல்ஸ் நிறுவனத்தின் தலைவர். ஜப்பானிய வாள் சேகரிப்பில் அமெரிக்காவிலேயே பெரிய ஆள். அவர் இறந்த பிறகு 1992இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அவருடைய காமகூரா கால வாள் ஒன்று 4,18,000 டாலருக்குப் போனது.

அவர் வாங்கியவற்றில் குனிமுனே என்ற கொல்லரின் பெயர் பொறித்த வாள் ஒன்று இருந்தது. விசாரித்தபோது அது ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்குச் சொந்தமான தேசியப் பொக்கிஷம், போருக்குப் பிறகு காணாமல் போனது என்று தெரிந்தது. 1960களில் காசு எதுவும் வாங்காமல் ஆலயத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது ககோஷிமாவின் ரெய்மெய்கான் அருங்காட்சியகப் பராமரிப்பில் இருக்கிறது.