மந்தாரோப் பள்ளத்தாக்கின் விழா இசைக்குழு

மரபு என்றதும் மாறாதது என்ற எண்ணமே நம்முள் முதலில் எழுகின்றது. இவ்வெண்ணம் வரலாற்று நோக்கில் எத்துணை பொருந்தும் என்பதை ஆராய, தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலே, அந்தீஸ் மலைகளிடையே ஏறத்தாழ 3,300 மீற்றர் உயரத்தில் அமைந்த மந்தாரோப் பள்ளத்தாக்கு நல்லதோர் களமாகும். அங்கு ஊர் விழாக்களில் இசைக்கும் குழு ‘ஓர்க்கெஸ்தா தீபிக்கா’ எனப்படும். அம்மண்ணின் இயல்புக்குரிய குழு என்பது அதன் கருத்து. ஆயினும் அக்குழுவில் மிகுந்திருப்பவை சக்சபோன்களே. 1846இல் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்ற கருவி அது!

ஸ்பானியர் 1532இல் வருமுன் அந்தீஸ் மக்களிடம் குழல்களும் பறைகளும் இருந்தன. நரம்புக் கருவி இருக்கவில்லை. வயலினும், ஹார்ப் எனப்படும் யாழ்வகையும் ஸ்பானியரோடு வந்தவை. அவற்றை மலைமக்கள் தமதாக்கிக்கொண்ட விதம் வியப்புக்குரியது. திறந்த வெளியில் ஒலிப்பதற்கேற்ப ஹார்ப்பின் அடிப்பெட்டியைப் பெருப்பித்தனர். ஊர்வலங்களில் அதனைத் தலைகீழாகத் தோளிற் சுமந்தவாறே மீட்டினர். தொன்மையின் சின்னமாகப் பலர் கருதும் ‘வாக்ராபுக்கு’ என்னும் சுருள் ஊதுகொம்பும் மாட்டுக் கொம்புகளை இணைத்துச் செய்யப்படுவதே. மாடுகளும் ஸ்பானியரின் கப்பல்களில் வந்தவை என்பதை இவ்விடத்து நினைத்தல் தகும்.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றம் வேறு வகையானது. 1908இல் புகையிரதப் பாதை உவாங்காயோ நகரை எட்டியது. செரோ டி பாஸ்கோ, லா ஒரோயா ஆகிய இடங்களின் சுரங்கத் தொழில் விவசாயிகளின் கையிற் பணத்தைச் சேர்த்தது. நூற்றாண்டின் முற்பகுதியில் கிளாரினெற்றும் 1940களில் சக்சபோனும் குழுவிற் புகுந்தன. இவற்றை எவரும் அம்மக்கள்மீது திணிக்கவில்லை. அப்பள்ளத்தாக்கிற் பெருநிலப்பண்ணைகள் ஆதிக்கம் பெறாமையால் விவசாயிகள் தம் நிலத்தையும் தன்மதிப்பையும் காத்துக்கொண்டனர் என எழுத்தாளரும் மானிடவியலாளருமான ஹோசே மரியா ஆர்கேதாஸ் விளக்கினார். தம் உழைப்பால் ஈட்டிய பணத்தில் தாம் விரும்பிய கருவியை வாங்கியவர்களை இசையறியாதோர் என்றோ ஏமாந்தோர் என்றோ கூறல் எங்ஙனம் பொருந்தும்?

ஆனால் நாட்டாரியலாளர் சிலர் அவ்வாறே கருதினர். சக்சபோன் அந்நியக் கருவி, மரபைச் சிதைப்பது என்பது அவர்தம் வாதம். அதே வாயால் ஹார்ப்பையும் வயலினையும் அவர்கள் மரபு என்று போற்றினர். அந்நியத்தன்மையில் இரண்டும் ஒன்றே. வந்த காலம் மட்டுமே வேறு. நானூறு ஆண்டுகள் முந்தி வந்தது மரபாகலாம், நேற்று வந்தது ஆகாது எனின், எல்லைக்கோட்டை எந்த ஆண்டில் இடுவது? அதனை இடும் உரிமை நகரத்து அறிஞருக்கா, விழா எடுக்கும் ஊராருக்கா?

இன்று ஆல்ற்றோ, ரெனர், பரிற்றோன் எனப் பலவகைச் சக்சபோன்கள் ஒருங்கே முழங்குகையில், ஹார்ப்பின் ஒலி அருகில் நிற்பவர்க்கே அரிதிற் கேட்கும். ஆயினும் குழுவினர் ஹார்ப்பையும் வயலினையும் விலக்கவில்லை. அவற்றை இசைப்போருக்கும் விழாப் பொறுப்பேற்றோர் பணம் கொடுத்தே வருகின்றனர்.