ஒரு இருக்கை, இரண்டு பேர்

ராயபுரம், காசிமேடு பக்கம் சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவார்கள். இறந்தவரின் பெயரும் பிழைப்பும் பாட்டுக்குள் வந்துவிடும். அப்படிப் பாட்டுக் கட்டுகிறவரே ஒருநாள் போய்விட்டால், கூட இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? வடசென்னைப் பாட்டுக்காரர்களைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்தே இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் தேடி இந்த வாரம் டெல்லி வரை போகிறோம்.

1990ல் அங்கே பிறந்த ராக் குழு 'இந்தியன் ஓஷன்'. கிதாருக்கு சுஷ்மித் சென், பேஸுக்கு ராகுல் ராம், டிரம்ஸுக்குப் பின்னர் வந்து சேர்ந்த அமித் கிலாம். நடுவில் சம்மணமிட்டு, தபலா வாசித்தபடியே பாடுவார் அசீம் சக்ரவர்த்தி. தாளமும் குரலும் ஒரே உடம்பிலிருந்து வந்ததால்தான் அந்தப் பாட்டுக்கு அப்படியொரு மூச்சு. கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் அரமேயத் துதிப்பாடலை 2000ல் 'கண்டீசா' என்று ஊரறியச் செய்தது இந்தக் குழுதான்.

2009 டிசம்பர் 25 அன்று அசீம் இறந்தார்.

பாடகரை இழந்த ராக் குழு இதற்கு முன்பும் உண்டு. 1980ல் ஏசி/டிசி குழு தன் பாடகர் பான் ஸ்காட்டை இழந்தது. அதே ஆண்டு பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு, துக்கத்துக்குக் கறுப்பு அட்டை போட்டு 'பேக் இன் பிளாக்' தொகுப்பை வெளியிட்டது. ஒரு குரல் போன இடத்தில் இன்னொரு குரல். அசீமின் இடத்துக்கு அது ஒத்துவராது. அவரைப்போலவே இன்னொருவரைத் தேடியிருந்தால் நகல்தான் கிடைத்திருக்கும். குழு அந்த ஒரு இருக்கையை இரண்டாக்கியது: பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி. எனக்கு இது பெரிய மரியாதையாகத் தெரிகிறது.

அசீம் பாடிவைத்த பாடல்கள் மிச்சமிருந்தன. 2010 முதல் மாதம் ஒன்றாக அவற்றை இலவசமாக இணையத்தில் விட்டார்கள். தொகுப்பின் பெயர், குழு வருடக்கணக்காகப் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரி: '16/330 கஜூர் ரோடு'. இறந்தவரின் குரல் மாதந்தோறும் வந்து நின்றதை ரசிகர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள்!

2013ல் சுஷ்மித்தும் விலகினார். நிகில் ராவ் வந்தார். அடுத்த ஆண்டு வந்த 'தண்டானு' தொகுப்பில் பாட்டுக்கு ஒரு விருந்தாளி. நம் கஞ்சிரா செல்வகணேஷும் வயலின் குமரேஷும் அதில் உண்டு. 2023ல் 'தூ ஹை' தொகுப்பு வந்தபோது, 1993ன் முதல் தொகுப்பில் வாசித்தவர்களில் குழுவில் இருந்தவர் ராகுல் ராம் மட்டுமே.