தீவைத் தின்ற சுண்ணாம்பு

தனுஷ்கோடி போயிருக்கிறீர்களா? 1964 டிசம்பர் புயலில் சிதைந்த மாதா கோயில் சுவரை அடுத்த முறை கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லில் பூப்பூவாகக் குழிகள் தெரியும். யாரும் செதுக்கியதல்ல. ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்தது. பவளப்பாறை!

அந்தக் கடற்கரையில் கைக்கெட்டிய கல் அதுதான். வெட்டினால் சுவர், காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. அதோடு நின்றிருந்தால் கடலும் பொறுத்திருக்கும். பிறகு ஆலைகள் கேட்டன. சிமென்ட்டுக்கு, கால்சியம் கார்பைடுக்கு என்று வள்ளம் வள்ளமாகப் பவளம் கரையேறியது. 1970-களின் தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு சொன்னது: மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 60,000 கன மீட்டர். பாறையாகத் திரளும் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்!

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகள் என்று படித்திருப்பீர்கள். இன்று எண்ணினால் 19தான். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் மூழ்கிவிட்டன. கடல் மட்டத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. அலையை உடைக்கும் பாறையை நாம் எடுத்தோம், அலை மணலை எடுத்துப் போனது.

2001-ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. 2004 சுனாமிக்குப் பிறகு வெட்டும் ஓய்ந்தது. சரி, பிழைத்ததா?

இங்கேதான் ஒரகடம் வருகிறது. 'அங்கே ஏதுங்க கடல்?' என்பீர்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் ஆலை திறந்தது. அதே ஆண்டு மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. அதனால் இது என்று சொல்ல வரவில்லை. ஆனால் உலகத்துக் கார்களும் அனல் மின் நிலையங்களும் கக்கும் புகையால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் கடலுக்குள்தான் இறங்குகிறது. பவளத்தின் உடம்புக்குள் இருந்தபடி அதற்குச் சோறு போடுபவை நுண்பாசிகள். கடல் சூடேறினால் பவளம் அவற்றைத் துப்பிவிட்டு வெளுக்கும். சூடு வாரக்கணக்கில் நீடித்தால் சாவுதான். 2016-ல் அடி இன்னும் பலம். வள்ளத்தில் கல் ஏற்றியவனைப் பிடித்து வழக்குப் போடலாம். இந்தச் சூட்டுக்கு யாரைப் பிடிப்பது?

தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு. 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. முப்பதே ஆண்டுகளில் இரண்டு ஹெக்டேர் அளவுக்குக் கரைந்துவிட்டது. 2015 முதல் சுற்றிலும் கான்கிரீட் பாறைகளை இறக்கி அலையை மட்டுப்படுத்துகிறார்கள். பவளத்தைச் சுட்டுச் சிமென்ட் செய்த அதே ஊரில், சிமென்ட்டால் பாறை! அதன்மேல் சின்னச் சின்னப் பவளங்கள் ஒட்டி வளரத் தொடங்கியிருக்கின்றன.