ஹலோ சொன்னது மனிதரா, இயந்திரமா?



தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. எடுத்து "ஹலோ" என்கிறீர்கள். மறுமுனையில் சத்தமே இல்லை. கொஞ்சம் கழித்துக் குரல் வருகிறது, அல்லது அழைப்பு துண்டிக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் பல சமயம் ஒரு கணினி உங்களைச் சோதித்துக்கொண்டிருக்கும். இந்தச் சோதனைக்கும் ஒரு வரலாறு உண்டு.

1898இல் டென்மார்க்கின் வால்டெமர் பவுல்சன், எஃகுக் கம்பியில் குரலைக் காந்தமுறையில் பதியும் 'டெலிகிராஃபோன்' கருவியை உருவாக்கினார். ஆள் இல்லாதபோது வரும் தொலைபேசிச் செய்தியைப் பதிந்து வைக்கலாம் என்பது அவர் எண்ணம். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் அதற்குப் பெரும்பரிசு கிடைத்தது. 1980களில் அமெரிக்க வீடுகளில் பதில் இயந்திரம் பரவலானது. கணினியே எண்களைச் சுழற்றி அழைக்கும் முறையும் வளர்ந்தது. இயந்திரத்தோடு பேசி ஊழியரின் நேரம் வீணாகக் கூடாதே! அதற்காகத்தான் இந்தச் சோதனை.

இதற்கு வேகமான, மலிவான மின்னணுச் சில்லுகள் தேவைப்பட்டன. அவ்வகைத் தொழிலில் நம் சுங்கை வேக்கும் பங்குண்டு. 1971ஆம் ஆண்டுத் தடையற்ற வணிக மண்டலச் சட்டத்திற்குப் பின், 1970களில் அங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் பெண்களும் அங்கே வேலை செய்தார்கள்.

கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? சொல்லின் பொருள் அதற்குத் தேவையில்லை. முக்கியமாக நேரத்தை அளக்கிறது. மனிதர் சுருக்கமாக "ஹலோ" சொல்லி நிறுத்துவார். இயந்திரம் நீளமாகப் பேசி, கடைசியில் 'பீப்' ஒலி தரும். 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய 'ஆஸ்டரிஸ்க்' என்ற இலவச மென்பொருளின் வழக்கமான அளவுகளைப் பாருங்கள்: வாழ்த்து 1.5 விநாடியைத் தாண்டினால் இயந்திரம். வாழ்த்துக்குப் பின் 0.8 விநாடி மௌனம் இருந்தால் மனிதர்; தொடக்கத்திலேயே 2.5 விநாடிக்கு மேல் மௌனம் என்றால், அதுவும் இயந்திரம்தான்!

இப்போது நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். "ஹலோ, யாரு பேசுறது? எந்த ஊரிலேர்ந்து பேசுறீங்க?" என்று பாட்டி மூச்சுவிடாமல் கேட்டால், கணினி அவரை இயந்திரம் என்று தப்பாக முடிவு கட்டலாம். விருந்தோம்பும் பேச்சு அதன் கணக்கில் அடங்காது.

தவறும் தாமதமும் மக்களைப் பாதிப்பதால் சட்டம் வந்தது. 2003இல் அமெரிக்கா விதி வகுத்தது: எடுத்தவர் வாழ்த்துச் சொல்லி முடித்த 2 விநாடிக்குள் ஊழியர் பேச வேண்டும், ஆள் எடுத்தும் கைவிடப்படும் அழைப்புகள் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

நம் நாட்டில் கவலை வேறு மாதிரி. 'மக்காவ் ஸ்கேம்' கும்பல்கள் வங்கி, காவல்துறை, நீதிமன்றம் என்று பதிவுக் குரலில் பயமுறுத்தி, ஓர் எண்ணை அழுத்தச் சொல்கின்றன. ஆகவே தெரியாத எண் வந்தால், எடுத்தவுடன் பேசாமல் சற்றுப் பொறுங்கள். பதிவுக் குரல் கேட்டால் எந்த எண்ணையும் அழுத்தாமல் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள்.

மாணவர்களே, அறிவியல் வளர்ச்சி பற்றிக் கட்டுரை எழுதும்போது இந்த வரலாறு நல்ல சான்றாக உதவும். ஆனால் அதற்கு முன், இன்றைக்கே வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு 997 என்ற எண்ணைச் சொல்லிக்கொடுங்கள்.